கொப்பி ஒற்றையில் போட்ட வாக்கு



அக்காவையும் அம்மாவையும் பார்க்க ஸ்காபரோவுக்கு வந்திருந்த இடத்தில், இந்த நிலையத்தில் தொண்டராக இருக்கும் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நீங்கள் மினசோட்டாவிலைதானே இருக்கிறியள். அமெரிக்காவிலை தேர்தல் வாற நேரமெல்லாம் கோக்கஸ், கோக்கஸ் எண்டு செய்தியிலை வாசிக்கிறம். வாசிக்கிற எங்களுக்கே அது என்னெண்டு வடிவாய்த் தெரியாது. நீங்கள் எப்பவாவது போயிருக்கிறியளோ?" என்று கேட்டார். போயிருக்கிறேன் என்றேன். "அப்ப வந்து ஒரு பேச்சுப் பேசுங்கோ" என்றார். அதுதான் வந்திருக்கிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அரசியல் படித்தவன் இல்லை. அச்சகம் ஒன்றில், அச்சடித்த தாள்களை மடித்துக் கட்டும் பகுதியில் வேலைசெய்கிறேன். மற்றது, நான் போனது எந்தக் கட்சியின் கூட்டம் என்பதைச் சொல்லப்போவதில்லை. இது எல்லோருக்கும் பொதுவான வானொலி. அன்று இரவு இரண்டு பெரிய கட்சிகளும் தத்தமது கூட்டங்களை வைத்தன. ஊகிக்க விரும்புகிறவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

கோக்கஸ் என்பது வாக்குச்சாவடி இல்லை. ஒரே வட்டாரத்தில் குடியிருக்கிற, ஒரே கட்சியை ஆதரிக்கிற அயலவர்கள் ஓர் இரவு ஓர் அறையில் கூடுவது, அவ்வளவுதான். அங்கே மூன்று வேலை நடக்கும். அதிபர் தேர்தலுக்கு யாரைக் கட்சியின் வேட்பாளராக நிறுத்தலாம் என்று தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள். அடுத்த படியில் நடக்கும் மாநாட்டுக்கு வட்டாரத்தின் பேராளர்களைத் தெரிவார்கள். பிறகு, கட்சி எதை ஆதரிக்கவேண்டும், எதை எதிர்க்கவேண்டும் என்று தீர்மானங்கள் கொண்டுவருவார்கள். தீர்மானத்தை யாரும் கொண்டுவரலாம். கட்சியில் பதவி வேண்டாம், சந்தா வேண்டாம். அந்த வட்டாரத்தில் குடியிருந்தால் போதும், அடுத்த பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் தகுதி இருந்தால் போதும்.

மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. அயோவாவில் ஜனநாயகக் கட்சிக்காரர் 2020 வரை அறையின் மூலைகளில் கூட்டம் கூட்டமாய்ப் போய் நின்று, தலையை எண்ணி, 15 வீதத்துக்குக் குறைந்த கூட்டத்தை மற்றக் கூட்டங்கள் பிய்த்து இழுக்கிற விளையாட்டாக அதை நடத்தினார்கள். 2020 பெப்ரவரி 3 இரவு கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை நம்பி முடிவுகளை அனுப்பப்போய், வென்றது யார் என்று சொல்லமுடியாமல் உலகத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றதும் அவர்கள்தான். மினசோட்டாவில் அதிபர் வேட்பாளர் தெரிவுக்கு எங்களுக்கு மூலைக்குப் போகும் வேலை இருக்கவில்லை. துண்டில் எழுதிப் பெட்டியில் போட்டோம்.

மாநிலச் சட்டத்தில் இந்த இரவுக்கு ஒரு மரியாதை உண்டு. கூட்டம் மாலை 7 மணிக்குத் தொடங்கவேண்டும், குறைந்தது ஒரு மணித்தியாலம் நடக்கவேண்டும். அன்று 6 மணிக்குப் பிறகு அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வேறு நிகழ்ச்சி வைக்கக்கூடாது. 10 நாளுக்கு முன்னர் எழுத்தில் அறிவித்தால், கூட்டத்துக்குப் போக முதலாளி விடவேண்டும். சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்தக் கடைசி விஷயம் எனக்கு அந்த நேரம் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் மனைவிக்கு உதவியிராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் போன இரவு 2008 பெப்ரவரி 5, செவ்வாய்க்கிழமை. ஒபாமாவும் ஹிலறி கிளின்ரனும் ஒரு பக்கம், மக்கெயினும் றொம்னியும் ஹக்கபியும் மறுபக்கம். இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஒரே நாளில் தெரிவு. எனக்குக் குடியுரிமை கிடைத்தது 2006-ல். அகதி அடைக்கலம் கிடைத்து எத்தனையோ வருடம் கழித்து. 2005 வரை, அடைக்கலம் பெற்றவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குத்தான் நிரந்தர வதிவிடம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையில் நின்ற யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு விளங்கும்.

சரி, வாக்களிக்கத்தான் நவம்பர் இருக்கிறதே, இந்தக் குளிருக்குள் ஏன் போனாய் என்று நீங்கள் கேட்கலாம். 2002-ல் எழுதிய போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து இலங்கை அரசாங்கம் விலகி, 2008 ஜனவரி 16-ஆம் திகதியோடு அது முடிந்துபோயிருந்தது. மூன்று கிழமைகூட ஆகவில்லை. சின்னம்மாவின் குடும்பம் அப்போது கிளிநொச்சியில். என்னிடம் ஒரு பக்கத் தீர்மானம் இருந்தது. வன்னியில் உள்ள பொதுமக்களுக்கு உணவும் மருந்தும் தடையின்றிப் போகவும், ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கண்காணிப்பாளர்கள் அங்கே நிற்கவும் அமெரிக்க அரசு வற்புறுத்தவேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தை நூலகத்தில் வேலைசெய்த ஒரு அம்மையார் திருத்தித் தந்தார். ஆறு பிரதி எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

மனைவிக்கு அன்று முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. ஆகவே ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. வீட்டுப்பாடம் செய்யட்டும் என்று கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்துக்கு அரை மைல் இருக்கும்போதே கார்கள் நின்றுவிட்டன. தரிப்பிடம் நிரம்பி, றோட்டின் இருபுறமும் பனிக்குவியலுக்குள் சரித்து நிறுத்தியிருந்தார்கள். நாங்களும் ஒரு வீட்டுக்காரரின் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் காரைச் செருகிவிட்டு நடந்தோம். நல்லூர்த் தேர் அன்றைக்குச் சனம் போவதுபோல எல்லோரும் ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தார்கள், ஒரே ஒரு வித்தியாசம், ஒருவரும் பேசவில்லை. குளிர் அப்படி.

உள்ளே போனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பல வட்டாரங்களுக்கு ஒரே பள்ளிக்கூடம். சுவரில் வட்டார எண்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். என் வட்டார எண் என்ன என்று எனக்குத் தெரியாது. என்னைப்போலவே பாதிப்பேருக்குத் தெரியாது. பெரிய வரைபடம் ஒன்றின் முன்னால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு தங்கள் தெருவை விரலால் தேடியது. ஒரு வரிசையில் 25 நிமிடம் நின்று மேசைக்கு வந்தால், "இது உங்கள் வட்டாரம் இல்லை, மேல்மாடிக்குப் போங்கள்" என்றார்கள். மேல்மாடியில் இன்னொரு வரிசை. ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு, "நான் 1960-இலிருந்து வருகிறேன், வழக்கமாக எங்கள் வட்டாரத்தில் பன்னிரண்டு பேர்தான் வருவோம், நாற்காலி மிஞ்சும்" என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பறையில் நாற்காலி முப்பது. சனம் நூறுக்கு மேல். மேசைகளில் ஏறி இருந்தார்கள், சுவரோடு சாய்ந்து நின்றார்கள், மீதி நடைபாதையில்.

வாசலில் ஒரு தாள். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், கையெழுத்து.

நேயர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்றேன். பின்னால் நின்றவர் என்னைச் சுற்றிப் போய்த் தன் பெயரை எழுதினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் எழுதினார். எனக்குப் பேனை ஓடவில்லை. ஓர் அரசியல் கூட்டத்தின் வாசலில் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பழக்கமான காரியம் இல்லை. வெள்ளவத்தையில் இருந்த என் மாமாவின் வீட்டை 1983 ஜூலையில் தேடிவந்தவர்கள் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு வரவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கொழும்பில் அன்று எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் வந்தார்கள். இது எழுதிவைக்கப்பட்ட வரலாறு. மாமா உடுத்த சாரத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அம்மா எங்கள் எல்லோருக்கும் சொல்லிவந்த புத்திமதி ஒன்றுதான்: "தம்பி, ஓரிடத்திலையும் பேரை எழுதிக் குடுத்திட்டு வராதை."

மகள் என் கோட்டை இழுத்தாள். "அப்பா, நான் எழுதட்டா?" என்று கேட்டாள். அவளுக்கு அது விளையாட்டு. நானே எழுதினேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த பிரச்சினை. வாக்குச்சீட்டு முடிந்துவிட்டது. எங்கள் அறைக்கு மட்டும் இல்லை, அன்று இரவு மாநிலம் முழுக்க எத்தனையோ இடங்களில் இதுதான் கதை. இரண்டு கட்சியிலும் பெரியதன் கூட்டங்களுக்கு மட்டும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள், மற்றதற்கு 60 ஆயிரத்துக்கு மேல். யாரும் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. எங்கள் அறையை நடத்தியவர் எழுபது வயது மதிக்கத்தக்க, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் மேசைமேல் ஏறி நின்று, "எந்தத் தாளும் செல்லும். பெயரை மட்டும் வாசிக்கக்கூடியதாக எழுதுங்கள்" என்று சத்தம்போட்டார். பெண்கள் கைப்பையைக் கிளறினார்கள். ஒருவர் கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். ஒருவர் தேவாலயக் காணிக்கை உறையைக் கிழித்தார். அப்போது அந்த ஆசிரியையின் கண் என் மகளின் கணக்குக் கொப்பியில் விழுந்தது. "செல்லம், உன்னுடைய கொப்பியில் எழுதாத ஒற்றை இருக்கிறதா?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எழுதாத ஒற்றை கொஞ்சம்தான் இருந்தது. பிறகு ஒருபக்கம் எழுதிய ஒற்றைகளும் போயின. ஒவ்வொரு ஒற்றையையும் எட்டாகக் கிழித்துக் கொடுத்தோம். வாக்குப் பெட்டி ஒரு ஐஸ்கிறீம் வாளி. மூடியில் கத்தியால் ஒரு கீறல்.

வேட்பாளருக்கு வாக்குப் போட 8 மணி வரை நேரம். போட்டவர்கள் போகலாம். அநேகம் பேர் போனார்கள். குழந்தை அழுகிறது, நாளை வேலை, கார் பனிக்குள். 8 மணிக்கு ஆசிரியை மூடியில் கையை வைத்துக்கொண்டு, "எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும்" என்றார். ஒருவரும் அசையவில்லை. ஆங்கிலத்தில் பேசவேண்டிய வேலை இல்லை, தாளை எண்ணுகிற வேலை. அது என் தொழில். கையைத் தூக்கிவிட்டேன். இன்னொருவர் உயர்தர வகுப்பு மாணவி, பதினேழு வயது. நவம்பருக்குள் பதினெட்டு ஆகிவிடும், ஆகவே அவளும் தகுதியுள்ளவள்.

எல்லோர் முன்னாலும் மேசையில் வாளியைக் கவிழ்த்தோம். சுற்றிவர நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்தார்கள். பெயர் பெயராய்க் குவியல். எந்த முடிவுக்கும் வரவில்லை என்று எழுதியவர்களுக்கும் ஒரு குவியல். அதுவும் ஒரு செல்லுபடியான வாக்கு. துண்டுகளைப் புரட்டும்போது சிலவற்றின் மறுபக்கத்தில் மகளின் பெருக்கல் கணக்கு. ஏழு பெருக்கல் எட்டு பிழையாய்ச் செய்திருந்தாள், அதையும் பார்த்துக்கொண்டேன்.

எண்ணி முடித்தால் 134 துண்டு. கையெழுத்துத் தாளில் 131 பெயர்.

திரும்ப எண்ணினோம். 134. மாணவி எண்ணினாள். 134. ஆசிரியை தாளில் பெயர்களை எண்ணினார். 131.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று விளங்க உங்களை 1981-க்குக் கொண்டுபோகவேண்டும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4-ஆம் திகதி. அப்பாவுக்கு வாக்கெடுப்பு நிலையத்தில் வேலை வந்து, வகுப்பெல்லாம் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். அதற்கு நாலு நாளுக்கு முந்திய இரவு நூலகம் எரிந்தது. பிறகு கடைசி நேரத்தில், அவரைப்போன்ற பலரை விட்டுவிட்டு வெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்களை அந்த வேலைக்குப் போட்டார்கள். பெட்டிகள் சில காணாமற் போயின. தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பத்து இடமும் கிடைத்தது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை பற்றிப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் கணக்கில் கூடும் துண்டு என்றால் அது களவு. வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆசிரியை என்ன செய்தார் என்றால், கதவுப்பக்கம் திரும்பி உரத்த குரலில், "மூன்று துண்டு கூடுகிறது. கையெழுத்துப் போடாமல் வாக்குப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பதறிப்போனேன். இப்படியா பகிரங்கமாகக் கேட்பது? ஓர் இளம் தம்பதி கையைத் தூக்கியது. நெரிசலில் தாளைக் காணவில்லையாம், வாளியைத்தான் கண்டார்களாம். அவர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். 133. மற்ற ஒன்று? ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனவர்களில் ஒருவராக இருக்கலாம். ஒருவர் இரண்டு துண்டு போட்டிருக்கவும் கூடும். சுவரோரம் நின்ற ஒருவர், "முன்னுக்கு நிற்கிறவரில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்" என்றார். வேறொருவர், "ஒன்றுதானே, விடுங்கள்" என்றார். ஐந்து நிமிடம் நல்ல சண்டை. ஆசிரியை இரண்டையும் ஏற்கவில்லை. முடிவு அனுப்பும் தாளின் அடியில், "கையெழுத்துகள் 133, துண்டுகள் 134, ஒன்றுக்குக் காரணம் தெரியவில்லை" என்று எழுதி, தன் பெயரைப் போட்டார். மாணவி போட்டாள். பேனையை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன்.

ஒரு துண்டால் எங்கள் அறையின் முடிவு மாறப்போவதில்லை. ஆனாலும் அந்த வசனத்தை எழுதியதற்காக நான் அந்தப் பெண்மணியை இன்றைக்கும் நினைக்கிறேன். பிழை இருந்தது, பிழை என்று எழுதினார்கள், எழுதியவர்களின் பெயர் கீழே இருந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவருக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

பிறகு பேராளர் தெரிவு. எங்கள் வட்டாரத்துக்கு ஒன்பது இடம். போட்டி என்று நினைத்தேன். ஏழு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். தெரு நிறையக் கார் நின்ற இரவில் ஒன்பது இடத்துக்கு ஒன்பது ஆள் இல்லை. ஆசிரியை என்னைப் பார்த்தார். அப்படித்தான் நான் மாநில செனற் தொகுதி மாநாட்டுக்குப் பேராளர் ஆனேன். வேறு தகுதி ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்.

தீர்மானங்களுக்கு வரும்போது ஒன்பதரை மணி. அறையில் மிஞ்சியது பதினான்கு பேர். மகள் என் கோட்டுக்கு மேல் தூங்கிவிட்டாள். முதல் தீர்மானம் பள்ளிக்கூட பஸ் பற்றி. அடுத்தது ஏரி ஒன்றில் இயந்திரப் படகின் சத்தம் பற்றி, இதற்கு இருபது நிமிடம் விவாதம். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்: படகுச் சத்தத்துக்கு இருபது நிமிடம் என்றால் வன்னிக்கு எவ்வளவு தருவார்கள்?

என் முறை வந்தது. எழுந்து வாசித்தேன். குரல் நடுங்கியது. வாசித்து முடிய, தடியூன்றிய அந்தக் கிழவர் கேட்டார்: "இது இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள தீவுதானே? அங்கே கண்காணிப்பாளர்கள் முன்னர் இல்லையா?" நோர்வேயின் தலைமையில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்தவர்கள் இருந்தார்கள், ஜனவரியில் அந்த வேலை முடிந்தது என்றேன். நோர்வே என்றதும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. மினசோட்டாவில் நோர்வே வம்சாவளியினர் இல்லாத தெரு இல்லை! ஒருவர், "எங்களுக்குத் தெரியாத நாட்டைப் பற்றி நாங்கள் தீர்மானம் போடுவது சரியில்லை" என்று எதிர்த்துப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கை தூக்கும்படி கேட்டார்கள். ஆதரவு 9, எதிர்ப்பு 2, மூன்று பேர் நடுநிலை. எதிர்த்துப் பேசியவர் கூட்டம் முடிந்து என்னிடம் வந்து ஒரு பிரதி கேட்டு வாங்கினார். பனிக்குள் சிக்கிய என் காரைத் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

அந்தத் தீர்மானம் என்னவாயிற்று? மாநாட்டுக்குப் போனது. அங்கே வட்டாரங்களிலிருந்து வந்த தீர்மானங்கள் பக்கம் பக்கமாய் அச்சடித்து வைத்திருந்தார்கள். என்னுடையது ஒரு மூலையில் ஐந்து வரி. மேலே போகத் தேவையான வாக்கு அதற்குக் கிடைக்கவில்லை. அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்களே வன்னியை விட்டு வெளியேறினார்கள். 2009 மே வரை நடந்தவற்றை இந்த நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் தீர்மானத்தால் ஒரு மூட்டை அரிசிகூட அங்கே போய்ச் சேரவில்லை. சின்னம்மாவின் வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்பது பேர் கை தூக்கினார்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி என் மனைவியின் வழக்கைச் சொல்கிறேன், அவள் சொல்லச்சொல்லித்தான் அனுப்பினாள். அன்று இரவு நான் வந்து கதை கதையாய்ச் சொல்ல, அவள் காலை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "இஞ்சருங்கோ, நல்ல கூட்டந்தான். அப்ப என்ரை வாக்கு எங்கை?" பதில் இல்லை. கோக்கஸில் தபால் வாக்கு இல்லை, முன்கூட்டிய வாக்கு இல்லை. ஏழு மணிக்கு அந்த அறையில் உடம்பு இருக்கவேண்டும். முதியோர் இல்லத்தில் இருபது கிழங்களைப் படுக்கவைக்கிறவள் எப்படி வருவாள்? அவளோடு அன்று வேலைசெய்தவர்கள் ஒரு சோமாலியப் பெண், ஒரு லைபீரியப் பெண், ஒரு மொங் இனப் பெண். நாலு பேரும் குடியுரிமை உள்ளவர்கள், நாலு பேருக்கும் அன்று வாக்கு இல்லை.

இந்தக் குறை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. 2016 மார்ச் 1-ஆம் திகதி மறுபடியும் அதே நெரிசல், அதே தாள்பஞ்சம். சனத்தின் கோபத்தைப் பார்த்து அந்த ஆண்டே மாநில சட்டசபை, அதிபர் வேட்பாளர் தெரிவைக் கோக்கஸிலிருந்து பிரித்துச் சாதாரண வாக்கெடுப்பாக மாற்றியது. முதன்முதலில் 2020 மார்ச் 3-ல் நடந்தது. என் மனைவி தபாலில் போட்டாள். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது: யார் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினார் என்ற பட்டியல் கட்சிகளின் கைக்குப் போனது. அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை.

மாற்றம் நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பேராளர் தெரிவும் தீர்மானமும் இன்னும் அந்த வட்டார அறையில்தான் இருக்கின்றன. சனம்தான் அங்கே இல்லை. இதை விளங்கிக்கொண்ட சமூகங்கள் எங்களைப்போல அகதியாய் வந்தவைதான். லாவோஸில் பிறந்து தாய்லாந்து முகாமில் வளர்ந்த மீ முவா என்ற மொங் பெண்மணி 2002-ல் சென். போல் நகரின் கிழக்குப் பகுதியிலிருந்து மாநில செனற்றுக்குத் தெரிவானார். அமெரிக்காவில் மாநிலச் சட்டசபை ஒன்றுக்குப் போன முதல் மொங் இனத்தவர் அவர். கென்யாவின் அகதி முகாமிலிருந்து வந்த இல்ஹான் ஓமர், சிறுமியாக இருந்தபோது தாத்தாவுக்கு மொழிபெயர்க்கத்தான் முதன்முதலில் கோக்கஸுக்குப் போனவர். அவருடைய அரசியலோடு உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். 2016-ல் மாநிலச் சட்டசபைக்கும், 2018-ல் காங்கிரசுக்கும் தெரிவானார். சோமாலியர்கள் செறிந்து வாழும் மினியாபொலிஸ் சிடார்-ரிவர்சைட் பகுதியில் 2014 பெப்ரவரியில் நடந்த கோக்கஸ் கைகலப்பில் குழம்பி இடைநடுவில் நின்றதும் நடந்தது. அடிபடுகிற அளவுக்கு அந்த அறை தங்களுக்கு வேண்டியது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அடிபடுவதை நான் சரி என்று சொல்லவில்லை. வராமல் விடுகிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அந்த இரவுக்கு மறுநாள் ஸ்காபரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரை எழுதிக் குடுத்தனியோ?" என்று கேட்டார். "ஓமம்மா, ரெண்டு இடத்திலை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தே கூட்டிக்கொண்டு போனனி?" என்றார்.

மகளின் ஆசிரியைக்கு, கொப்பியில் பாதியைக் காணவில்லை என்பதற்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. அவர் அதை வகுப்பில் வாசித்தாராம்.

நான் இப்போதும் போகிறேன். கடைசியாய்ப் போனபோது எங்கள் வட்டாரத்துக்கு ஒன்பது பேர், நாற்காலி தாராளம். போகும்போது வெறும் கொப்பி ஒன்றும் பேனை நாலைந்தும் கொண்டுபோவேன். இதுவரை தேவைப்படவில்லை.